ஹாரிஸ் கவுண்டிக்குக் குடிவருகிறீர்களா? வீட்டைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

ஹூஸ்டனில் வேலை கிடைத்திருக்கிறது, வீடு எங்கே பார்க்கலாம் என்று மாதம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். கலிபோர்னியாவிலிருந்து வருகிறவர்கள், நியூ ஜெர்சியிலிருந்து வருகிறவர்கள், சென்னையிலிருந்து நேராக வந்து இறங்குகிறவர்கள் என்று எல்லோரும் இருக்கிறார்கள். முதல் கேள்வி பள்ளிக்கூடம், இரண்டாவது விலை. வெள்ளத் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஹூஸ்டனின் பெரும்பகுதி ஹாரிஸ் கவுண்டியில் இருக்கிறது; கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போல. இந்தக் கவுண்டியைப் பொறுத்தவரை அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே மொத்தமாக எழுதுகிறேன்.

எந்தக் கவுண்டி, எந்த ஊர்?

ஹாரிஸ் கவுண்டி மக்கள்தொகையில் அமெரிக்காவின் மூன்றாவது பெரிய கவுண்டி. 2020 கணக்கெடுப்பில் 47 லட்சம் பேர், 2024 மதிப்பீட்டில் 50 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2023 ஜூலை தொடங்கி ஓராண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் கூடினார்கள். அந்த ஆண்டில் நாட்டின் வேறெந்தக் கவுண்டியிலும் எண்ணிக்கையில் இவ்வளவு பேர் கூடவில்லை.

நம் ஆட்கள் சொல்லும் ஊர்ப்பெயர்கள் எல்லாம் இந்தக் கவுண்டிக்குள் வராது. ஷுகர் லேண்ட், ஃபோர்ட் பெண்ட் கவுண்டி. மீனாட்சி கோயில் இருக்கும் பேர்லேண்ட் பெரும்பாலும் பிரசோரியா கவுண்டி. கேட்டி என்ற பெயர் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என மூன்று கவுண்டிகளில் பரவிக் கிடக்கிறது. சைப்ரஸ், ஸ்பிரிங், அட்டாஸ்கோசிட்டா, கிளியர் லேக் ஆகியவை ஹாரிஸில் இருக்கின்றன.

முகவரியில் ஹூஸ்டன் என்று இருப்பதால் அது ஹூஸ்டன் மாநகராட்சி என்றும் ஆகிவிடாது. கவுண்டியில் சுமார் 20 லட்சம் பேர் எந்த நகராட்சியிலும் சேராத பகுதியில் வசிக்கிறார்கள். அங்கே மாநகர வரி கிடையாது. ஆனால் குடிநீர், கழிவுநீர், சில இடங்களில் குப்பை எடுப்பதுகூட 'எம்.யு.டி' என்ற சிறு குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. 'மட்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். காவலுக்கு ஷெரிஃப் அல்லது கான்ஸ்டபிள் வருவார். ஆகவே ஒரு வீட்டைப் பார்க்கும்போது கவுண்டி எது, நகராட்சிக்குள்ளா வெளியிலா, எந்தப் பள்ளி மாவட்டம் (அரசுப் பள்ளிகளை நடத்தித் தனி வரி போடும் அமைப்பு), எந்த மட் என்ற நான்கையும் முதலில் ஒரு தாளில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரி, பள்ளி, தண்ணீர் எல்லாம் இந்த நான்கிலிருந்துதான் கிளைவிடும்.

முதல் ஆண்டு வாடகைக்கு இருங்கள்

வந்ததும் வாங்கிவிட வேண்டும் என்று துடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைந்தது ஒரு வருடமாவது வாடகைக்கு இருந்து பாருங்கள் என்பேன். ஒரு கோடை, ஒரு புயல் பருவம், ஒரு பள்ளி ஆண்டு கடந்தால்தான் இந்த ஊர் உங்களுக்குப் புரியும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். ஜூலை, ஆகஸ்டில் மாலை ஆறு மணிக்கும் வெளியே கால் வைக்க முடியாது. சென்னை வெயிலில் வளர்ந்தவர்களுக்கே இந்தப் புழுக்கம் மலைப்பாக இருக்கும்.

வாடகை ஒப்பந்தத்தோடு வெள்ள அறிவிப்பும் தர வேண்டும் என்பது 2022 முதல் டெக்சாஸ் சட்டம். இடம் அரசு வரைபடத்தில் 'நூறாண்டு வெள்ளப் பகுதி' என்று குறித்த இடத்தில் இருக்கிறதா (அதன் பொருளைக் கீழே சொல்கிறேன்), கடந்த ஐந்து ஆண்டுகளில் வெள்ளத்தால் சேதமானதா என்பதை உரிமையாளர் எழுத்தில் சொல்லியாக வேண்டும். யாரும் கையில் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் மாடி வீடு எடுங்கள். கார் தரைமட்டத்தில்தான் நிற்கும் என்பதால் பலத்த மழை அறிவிப்பு வந்தால் காரை எங்கே மேட்டில் நிறுத்துவது என்று முன்கூட்டியே பார்த்துவையுங்கள்.

தண்ணீர்: இதில் நிதானமாக நேரம் செலவிடுங்கள்

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது நாங்கள் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மழை விட்டபின் தெரிந்தவர் ஒருவரின் வீட்டைச் சுத்தம் செய்ய நாலைந்து பேர் போனோம். சுவரில் பதித்த ஷீட்ராக் என்ற ஜிப்சம் பலகையை நாலடி உயரத்துக்கு அறுத்தெடுத்துத் தெருவோரம் குவித்தோம். ஈரப் பஞ்சு, கார்ப்பெட், கொலுப் படிகள், பிள்ளைகளின் ஆல்பம் எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. கார் ஷெட் சுவரில் காப்பிக் கறை போல ஒரு கோடு, என் இடுப்பளவில், சுவர் முழுக்க ஒரே மட்டமாக ஓடியது. அதன்பிறகு எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் என் கண் முதலில் கார் ஷெட் சுவருக்குத்தான் போகிறது.

அந்த வீடு அரசு வரைபடத்தில் வெள்ளப் பகுதியில் இல்லை. அவர் ஒருவர் கதை மட்டும் அல்ல இது. ஹார்வியில் ஹாரிஸ் கவுண்டியில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நூறாண்டு வெள்ளப் பகுதி என்று குறிக்கப்பட்ட இடத்துக்கு வெளியே இருந்தவை. நான்கு நாளில் கவுண்டியின் சில இடங்களில் நாற்பது அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது.

'நூறாண்டு வெள்ளம்' என்றால் நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று நினைக்கிறார்கள். எந்த ஒரு வருடத்திலும் அது வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். முப்பது வருடக் கடன் எடுத்தால் அந்தக் காலத்துக்குள் ஒருமுறையாவது வர நூற்றுக்கு 26 பங்கு வாய்ப்பு. பிரேஸ் பயூ (மெதுவாக ஓடும் சிற்றாற்றை இங்கே பயூ என்பார்கள்) ஓரத்து மேயர்லேண்ட் பகுதியில் 2015, 2016, 2017 என்று மூன்று வருடம் தொடர்ந்து தண்ணீர் புகுந்த வீடுகள் உண்டு.

வரைபடத்தில் வெள்ளப் பகுதியைக் குறிக்கும் கோடுகள் எந்த மழையை வைத்துப் போடப்பட்டவை என்பதும் முக்கியம். ஹார்வியில் கையில் இருந்த வரைபடங்கள் 2001-ல் வந்த அலிசன் புயலுக்குப் பிறகு வரையப்பட்டு 2007-ல் நடைமுறைக்கு வந்தவை. 2018-ல் தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகம் மழை அளவுகளைத் திருத்தியது. ஹூஸ்டன் பகுதியில் ஒரே நாளில் பெய்யும் நூறாண்டு மழை என்று 13 அங்குலத்தை வைத்திருந்தார்கள். அது 18 அங்குலம் வரை உயர்ந்தது. நூறாண்டு வெள்ளப் பகுதிக்கு வெளியே உள்ள இடத்தை வரைபடத்தில் எக்ஸ் மண்டலம் என்பார்கள். ஆகவே 'எக்ஸ் மண்டலம்தான், கவலை வேண்டாம்' என்று விற்பவர் சொன்னால், அந்த எக்ஸ் எந்த ஆண்டின் வரைபடத்தில் இருக்கிறது, எந்த மழைக் கணக்கில் போட்டது என்று கேளுங்கள்.

இனி செய்ய வேண்டியவை. ஹாரிஸ் கவுண்டி வெள்ளக் கட்டுப்பாட்டு மாவட்டம் என்ற அரசு அமைப்பின் இணையதளத்தில் முகவரி கொடுத்தால் வெள்ளப் பகுதி, பக்கத்துப் பயூ, ஓடைகள் எல்லாவற்றையும் வரைபடத்தில் காட்டும். அதே அமைப்பின் வெள்ள எச்சரிக்கைத் தளத்தில் ஒவ்வொரு பயூவின் நீர்மட்டமும் மழையின்போது நேரலையில் தெரியும். நீங்கள் பார்க்கும் வீட்டுக்கு அருகிலுள்ள அளவுமானியைத் தேடி, ஹார்வியில் அது எவ்வளவு உயர்ந்தது என்று பாருங்கள். வீட்டுத் தரை மட்டத்தைச் சொல்லும் எலிவேஷன் சர்ட்டிஃபிகேட் இருந்தால் விற்பவரிடம் வாங்குங்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

அடுத்தது, வீட்டின் குறைகளை எழுத்தில் சொல்லி விற்பவர் தரும் வெளிப்படுத்தல் படிவம். 2019 செப்டம்பருக்குப் பிறகு இதில் வெள்ளக் கேள்விகள் விரிவாக இருக்கின்றன. முன்பு தண்ணீர் புகுந்ததா, வெள்ளக் காப்பீட்டில் இழப்பீடு வாங்கினாரா, அரசு உதவி பெற்றாரா, இடம் நீர்த்தேக்கத்தின் வெள்ளப் பரப்புக்குள் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்கும். பில்டர் விற்கும் புது வீட்டுக்கு இந்தப் படிவம் கட்டாயம் இல்லை. அதனால் புது வீடு என்றால் கேள்விகளை நீங்களே எழுத்தில் கேட்டுப் பதிலை எழுத்திலேயே வாங்குங்கள்.

நீர்த்தேக்கம் என்றேன் அல்லவா? மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு இருக்கின்றன, 1940-களில் ராணுவப் பொறியாளர் படை கட்டியவை. வழக்கமான நாட்களில் உள்ளே தண்ணீர் இருக்காது. பூங்காவும் சைக்கிள் பாதையும்தான். பார்க்கருக்குள் இருக்கும் ஜார்ஜ் புஷ் பார்க்கில் நானே ஞாயிறு காலைகளில் நடக்கிறேன். பெருமழையில் அது நிஜமாகவே ஏரியாகிவிடும். அரசு வாங்கியிருந்த நிலத்தைத் தாண்டித் தண்ணீர் நிற்கக்கூடிய இடத்திலும் பின்னாளில் குடியிருப்புகள் வந்துவிட்டன. ஏரிக்குள் வீடு கட்டினால் என்ன ஆகும் என்று 2015 டிசம்பரைச் சென்னையில் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹார்வியில் கரைக்கு மேல்புறம் தேங்கிய தண்ணீர் வீடுகளில் ஏறியது. மதகைத் திறந்தபோது கீழ்ப்புறம் பஃபலோ பயூ ஓரம் இருந்த வீடுகளிலும் ஏறியது. கேட்டி பக்கமோ எனர்ஜி காரிடார் பக்கமோ பார்க்கிறவர்கள் இந்த இரண்டு பரப்புகளின் எல்லையைக் கட்டாயம் பாருங்கள்.

இதற்கெல்லாம் மேல் ஒன்று உண்டு. தெருவில் இறங்கி நடங்கள். வீடுகளுக்கு நடுவே பல் விழுந்த வாய் போல வெறும் புல் மனைகள் இருந்தால், பலமுறை மூழ்கிய வீடுகளைக் கவுண்டி விலைக்கு வாங்கி இடித்த இடமாக இருக்கலாம். கார் கழுவிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள். இந்த ஊரில் 'ஹார்வியில் எப்படி இருந்தது?' என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. உட்காரவைத்துக் கதை சொல்வார்கள். நாங்கள் 2019-ல் சைப்ரஸ் பக்கம் வாங்கிய வீட்டை முடிவு செய்ததே எதிர்வீட்டுப் பாட்டி சொன்ன ஒரு வரியால்தான். தண்ணீர் நடைபாதை வரைக்கும் வந்தது, படி ஏறவில்லை என்றார். வெள்ளை வேலியில் இருந்த அடையாளத்தையும் கூட்டிப்போய்க் காட்டினார்.

எந்த மண்டலமாக இருந்தாலும் வெள்ளக் காப்பீடு எடுத்துவிடுங்கள். வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருட்களுக்கு 1,00,000 டாலர். வீடு வாங்கும்போது கடனோடு சேர்த்து எடுத்தால் உடனே அமலுக்கு வரும். பிறகு எடுத்தால் 30 நாள் காத்திருக்க வேண்டும். புயல் வளைகுடாவில் கிளம்பிய பிறகு எடுத்துப் பயனில்லை.

விலை எங்கே போகிறது?

ஹூஸ்டன் பெருநகரப் பகுதியில் தனி வீட்டின் இடைநிலை விலை (பாதி வீடுகள் இதற்குக் கீழ், பாதி மேல்) 2024, 2025 ஆண்டுகளில் 3,30,000 டாலரையொட்டி நின்றது. 2021-ல் வீடு பட்டியலில் ஏறிய அன்றே பத்துப் பேர் கேட்டார்கள். 30 ஆண்டுக் கடன் வட்டி அந்த ஜனவரியில் 2.65 சதவிகிதம். 2023 அக்டோபரில் அது 7.79 ஆனது. அதன்பின் இறங்கிப் பெரும்பாலும் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே கிடந்தது. பட்டியலில் வீடுகள் சேர்ந்தன. பேரம் பேச இடம் வந்தது.

என் கணிப்பு இதுதான்: இங்கே விலை தாறுமாறாக ஏறாது, பெரிதாகச் சரியவும் சரியாது. காரணம் நிலம். தெற்கு, கிழக்கைத் தவிர எந்தப் பக்கம் போனாலும் தட்டையான புல்வெளி. ஹூஸ்டனில் நில உபயோக மண்டலச் சட்டமும் கிடையாது. ஹாக்லி, டாம்பால், ஹம்பிள் என்று பில்டர்கள் கட்டிக்கொண்டே போகிறார்கள். ஆட்கள் வந்தாலும் வீடும் கூடவே வந்துவிடுகிறது. அதனால் இரண்டு வருடத்தில் விற்று லாபம் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் வாங்காதீர்கள். விற்கும்போது கமிஷனும் மற்ற செலவுகளும் அந்தச் சின்ன ஏற்றத்தை விழுங்கிவிடும். ஐந்து, ஏழு வருடம் இருக்கப்போகிறீர்கள் என்றால் சரி.

எண்ணெய் வேலை இந்த ஊரின் மூச்சு. 1980-களில் எண்ணெய் விலை விழுந்தபோது வீட்டு விலையும் சேர்ந்து விழுந்தது. இன்று டெக்சாஸ் மெடிக்கல் சென்டர், துறைமுகம், விண்வெளி மையம் என்று வேலை பரவியிருக்கிறது. ஆனாலும் உங்கள் வீட்டில் இருவருக்கும் எண்ணெய்த் துறையிலேயே வேலை என்றால் ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

புது வீடா, பழைய வீடா? விற்காத வீடு கையில் இருக்கும் பில்டர் விலையைக் குறைக்கத் தயங்குவார். வட்டியைக் குறைத்துத் தருவார், வாங்கி முடிக்கும் நாளில் நீங்கள் கட்ட வேண்டிய முடிப்புச் செலவைத் தானே ஏற்பார். மாதத் தவணைக்கு அது நல்லதுதான். ஆனால் உங்களுக்குப் பின்னால் அதே தெருவில் இன்னும் இருநூறு வீடு வரப்போகிறது என்றால், நீங்கள் விற்கும் நாளில் பில்டரே உங்களுக்குப் போட்டி.

வரியும் எஸ்க்ரோவும்

டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்ற சந்தோஷத்தில் வருகிறவர்கள் சொத்து வரியைப் பார்த்ததும் அதிர்ந்துபோகிறார்கள். கவுண்டி, பள்ளி மாவட்டம், மட், கல்லூரி மாவட்டம் எல்லாம் சேர்ந்து வீட்டு மதிப்பில் இரண்டு முதல் இரண்டரை சதவிகிதம் வரை வரும். புதிய குடியிருப்புகளில் மூன்றைத் தொடுவதும் உண்டு. இதற்குப் பெரும்பாலும் மட் வரிதான் காரணம். குழாய், வடிகால் போட வாங்கிய கடனைப் புது மட் உங்களிடம்தான் வசூலிக்கும். 3,50,000 டாலர் வீட்டுக்கு மட் வரி நூறு டாலருக்கு 1.00 என்றால் வருடம் 3,500. கடன் அடைந்துபோன பழைய மட்டில் 0.30 என்றால் 1,050. விலையில் இரண்டு வீடும் ஒன்றுதான். மாதச் செலவில் இருநூறு டாலர் வித்தியாசம்.

ஒரு மாதக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதே 3,50,000 டாலர் வீடு, பத்து சதவிகிதம் முன்பணம், வட்டி 6.5 என்றால் அசலும் வட்டியும் 1,990 டாலர். வரி 2.3 சதவிகிதம் என்றால் மாதம் 670. வீட்டுக் காப்பீட்டுக்கு 300, வெள்ளக் காப்பீட்டுக்கு 70, குடியிருப்போர் சங்கத்துக்கு 75 என்று வைத்துக்கொண்டாலும் 3,100-ஐத் தாண்டுகிறது. முன்பணம் இருபது சதவிகிதத்துக்குக் குறைவு என்பதால் கடன் காப்பீடு வேறு உண்டு.

எங்கள் தெருவில் ஓர் இளம் தம்பதி புது வீடு வாங்கினார்கள். முதல் வருடம் மாதத் தவணை நிம்மதியாக இருந்தது. இரண்டாம் வருடம் கடன் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது, மாதம் எழுநூறு டாலர் கூடுதலாகக் கட்டச் சொல்லி. ஏமாற்றிவிட்டார்கள் என்று அந்தப் பெண் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் சமையலறை மேசையில் அழுதார். நடந்தது இதுதான்: ஜனவரி 1 அன்று அங்கே வெறும் மனைதான் இருந்தது. முதல் வருட வரி மனைக்கு மட்டும் போடப்பட்டது. மறுவருடம் முழு வீட்டுக்கும் வந்தது. வரிக்கும் காப்பீட்டுக்கும் கடன் கம்பெனி தவணையோடு சேர்த்து வாங்கிவைக்கும் எஸ்க்ரோ கணக்கில் விழுந்த பள்ளத்தையும் சேர்த்து நிரப்பச் சொன்னார்கள். புது வீடு வாங்குகிறவர்கள் முழு வீட்டு மதிப்புக்கு வரி எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டு, அந்த வித்தியாசத்தை முதல் மாதத்திலிருந்தே தனியாகச் சேர்த்துவையுங்கள்.

குடியேறியதும், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகையான ஹோம்ஸ்டெட் விலக்குக்கு விண்ணப்பியுங்கள். வரிக்காக வீட்டு மதிப்பைக் கணிக்கும், எச்கேட் என்று சொல்லப்படும் மதிப்பீட்டு மாவட்ட அலுவலகத்தில் இலவசமாகச் செய்யலாம். ஓட்டுநர் உரிமத்தில் புது முகவரி இருக்க வேண்டும். பள்ளி வரியில் 1,00,000 டாலர் மதிப்பு விலக்காக இருந்தது, 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1,40,000 ஆனது. பள்ளி வரி நூறுக்கு 1.10 என்றால் வருடம் 1,540 டாலர் மிச்சம். வரிக்கான மதிப்பு ஆண்டுக்குப் பத்து சதவிகிதத்துக்கு மேல் ஏற முடியாது என்ற வரம்பும் இதோடு வருகிறது. விண்ணப்பித்துத் தருகிறோம், பணம் கட்டுங்கள் என்று வரும் கடிதங்களைக் குப்பையில் போடுங்கள்.

மதிப்பு அதிகம் என்று தோன்றினால் மே 15-க்குள் ஆட்சேபம் பதிவு செய்யலாம். நோட்டீஸ் தாமதமாக வந்தால் அதை அனுப்பிய நாளிலிருந்து 30 நாள். இங்கே இது வருடாந்திரப் பழக்கம், சண்டை இல்லை. பக்கத்தில் விற்ற வீடுகளின் விலையும் உங்கள் வீட்டுக் குறைகளின் போட்டோவும் போதும்.

விசாவில் இருப்பவர்கள் கவனிக்க

2025 மே 25 முதல், குறைந்த முன்பணத்துக்கு மத்திய அரசு காப்பீட்டோடு கிடைக்கும் எஃப்.எச்.ஏ. கடன் எச்1பி போன்ற தற்காலிக விசாக்காரர்களுக்குக் கிடையாது. பழைய நண்பர்கள் மூன்றரை சதவிகித முன்பணத்தில் வாங்கினோம் என்று சொன்னால், அது அப்போது. அந்த அரசு காப்பீடு இல்லாத கன்வென்ஷனல் கடன் இன்னும் கிடைக்கிறது. வேலைக் கடிதம், விசா ஒப்புதல் அறிவிப்பான ஐ-797, கடன் வரலாறு எல்லாம் தயாராக வைத்து, இரண்டு மூன்று கடன் தருவோரிடம் ஒரே வாரத்தில் விலைப்புள்ளி வாங்கி ஒப்பிடுங்கள்.

ஒப்பந்தம், சோதனை

வீட்டைச் சுற்றிக்காட்டும் ஏஜென்டிடம் முதலிலேயே எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். கமிஷன் எவ்வளவு, யார் தருவது என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அதுவும் பேரத்துக்கு உட்பட்டதுதான்.

டெக்சாஸ் ஒப்பந்தத்தில் 'ஆப்ஷன் பீரியட்' என்று ஒன்று இருக்கிறது. சில நூறு டாலர் கட்டினால், குறித்த நாட்களுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம், அட்வான்ஸ் திரும்ப வரும். ஏழு முதல் பத்து நாள் கேளுங்கள். இன்ஸ்பெக்டர், காப்பீட்டு விலைப்புள்ளி, வெள்ள விசாரணை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். கூரையின் வயதை முதல் நாளே கேளுங்கள். பழைய கூரை என்றால் காப்பீடு எகிறும், சில கம்பெனிகள் தரவே மாட்டா. காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்கு 2 சதவிகிதம் கைக்காசு என்று பாலிசியில் இருந்தால், 4,00,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் முதல் 8,000 உங்கள் பையிலிருந்து போகும். கிழக்கே 146-ஆம் நெடுஞ்சாலையைத் தாண்டி லா போர்ட், சீப்ரூக் பக்கம் என்றால் காற்றுக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டியிருக்கலாம்.

இந்த மண் களிமண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் கிடக்கும் கான்கிரீட் ஸ்லாபும் கூடவே அசையும். படுக்கையறைக் கதவு தாழ் சேராமல் உரசினால், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடினால், வெளிச் செங்கல்லில் படிக்கட்டுப் போல வெடிப்பு இருந்தால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அடித்தளம் பழுது பார்க்கிற கம்பெனியிடமே ஆலோசனை கேட்காதீர்கள். நிலத்தடியில் பிளவுக் கோடுகளும் உண்டு. ஸ்பிரிங் பிராஞ்ச் பக்கம் லாங் பாயின்ட் பிளவு தெருவைக் குறுக்கே தூக்கிவைத்திருப்பதைக் காரில் போகும்போதே உணரலாம்.

வாழ எப்படி?

அலுவலக நாள் காலை ஏழேகாலுக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து வேலைக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்து நிமிடம் ஆன தூரம் அன்று எழுபது ஆகும். கேட்டி ஃப்ரீவே சில இடங்களில் இருபத்தாறு லேன் அகலம், அப்படியும் நிற்கிறது. டோல் செலவையும் மாதக் கணக்கில் சேருங்கள். நகர மையத்திலோ மெடிக்கல் சென்டரிலோ வேலை என்றால் காரை நிறுத்திவிட்டு ஏறும் பார்க் அண்ட் ரைடு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள். என் மனைவி மூன்று வருடமாக அதில்தான் போகிறாள். ஸ்டீயரிங்கைப் பிடிக்காமல் புத்தகம் படித்துக்கொண்டே போய்விடுகிறாள்.

பள்ளிக்கு ஊர்ப்பெயரை நம்பாதீர்கள். கேட்டி என்ற முகவரி சை-ஃபேர் பள்ளி மாவட்டத்தில் விழலாம். மாவட்டத்தின் தளத்தில் வீட்டு எண்ணையே போட்டுப் பாருங்கள். வேகமாக வளரும் பகுதியில் எல்லையை மாற்றுவார்கள் என்பதால், பக்கத்தில் புதுப் பள்ளி கட்டுகிறார்களா என்றும் விசாரியுங்கள். ஹூஸ்டன் பள்ளி மாவட்டத்தை 2023-ல் மாநில அரசு தன் கையில் எடுத்தது. அங்கே சேர்க்கிறவர்கள் அந்தந்தப் பள்ளிக்கே நேரில் போய்ப் பார்த்து முடிவெடுங்கள்.

கிழக்கே பாசடீனா, டீர் பார்க் பக்கம் கப்பல் கால்வாயை ஒட்டி ரசாயன ஆலைகள். விலை குறைவுதான். ஆஸ்துமா இருக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மற்றபடி இந்த ஊர் நம்மை அன்பாக வைத்துக்கொள்ளும். ஹில்கிராஃப்ட் சாலைக் கடைகளில் முருங்கைக்காயிலிருந்து வெற்றிலை வரை கிடைக்கும். பேர்லேண்ட் கோயிலில் பொங்கலன்று நிற்க இடம் இருக்காது. எந்த நோய்க்கும் மருத்துவர் ஒரு மணி நேரத்துக்குள்.

சாவி கைக்கு வந்த வாரம்

மின்சாரக் கம்பெனியை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். 'பவர் டு சூஸ்' என்ற அரசுத் தளத்தில் திட்டங்கள் வரிசையாக இருக்கும். முதலில் தெரியும் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். சில திட்டங்களில் ஆயிரம் யூனிட்டைத் தொட்டால்தான் தள்ளுபடி, 990-ல் நின்றால் இல்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் உள்ள ஃபேக்ட்ஸ் லேபிள் என்ற விவரத் தாளில் 500, 1000, 2000 யூனிட்டுக்குத் தனித்தனி விலை இருக்கும். மூன்றையும் படியுங்கள். 2024 ஜூலையில் பெரில் புயலில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. பேட்டரி விசிறி, கேஸ் அடுப்பு, குடிதண்ணீர், தேவையான மருந்து இவற்றை மே மாதத்துக்குள் வாங்கிவையுங்கள்.

காலி வீட்டை ஒவ்வோர் அறையாக வீடியோ எடுத்து இணையச் சேமிப்பில் (கிளவுட்) போடுங்கள். பொருள் வந்தபின் இன்னொரு முறை எடுங்கள். இழப்பீடு கேட்கும்போது இதுதான் பேசும்.

அப்புறம், தண்ணீரை மொத்தமாக அடைக்கும் வால்வு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். 2021 பிப்ரவரி உறைபனியில் எங்கள் தெருவில் மூன்று வீட்டில் குழாய் வெடித்தது. கூரையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க, வால்வு எங்கே என்று தெரியாமல் மொபைல் வெளிச்சத்தில் தேடினார்கள். பெரும்பாலும் நடைபாதை ஓரம் மூடி போட்ட சின்னப் பெட்டிக்குள் மீட்டர் பக்கத்தில் இருக்கும். அதைத் திருப்ப நீளமான இரும்புச் சாவி ஹார்டுவேர் கடையில் இருபது டாலருக்குள் கிடைக்கும். வாங்கிக் கார் ஷெட்டில் ஆணியடித்து மாட்டி, வீட்டில் எல்லோரும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள், பிள்ளைகள் உட்பட.